ஒன்பதாவது கேள்வி

பீடோரிலிருந்து செம்பனைக் காட்டுக்குள்
நாலு கிலோமீட்டர்.
தோட்டத்துப் பழைய ஆயாக்கொட்டகைதான்
இப்போது கிளிகளுக்கு.
தூளி கட்டிய உத்தரத்தில் கூண்டுகள்.
சத்தம் மட்டும் அதேதான் என்று சிரித்தார்
மேடம் லாய்.
"பசியாறியாச்சா?"
ஆச்சு என்றேன். ஆகவில்லை.

மஞ்சள் கொண்டைக்காரன் ஒருவன்
என் செருப்பு வாரைச் சோதித்தான்.
பச்சைகள் இரண்டு
மாற்றி மாற்றிக் கழுத்தைக் கோதிக்கொண்டிருந்தன.
அவற்றைப் பிரித்துத் தரமாட்டார்களாம்.

கடைசிக் கூண்டில் அது.
சாம்பல் நிறம். நெஞ்சு மட்டும்
பாசாரில் உரித்துத் தொங்கவிட்ட கோழி.
தானே பிடுங்கியது,
பதினாலு மாதமாக.

"ஈப்போக்காரர் வளர்த்தது. செத்துட்டாரு.
பிள்ளைங்க கொண்டாந்து விட்டுட்டுப் போச்சு."

ஒரு கண்ணால் பார்த்தது.
தலையைச் சாய்த்து
மறு கண்ணால் சரிபார்த்தது.
பிறகு இருமியது.

சிகரெட்டும் சளியும் நாற்பது வருஷமும் சேர்ந்த
ஆம்பிளை இருமல்.
முடிவில் களைத்துப்போய் ஒரு "ஹையா".
பின்னால் யாரோ நிற்கிறார் என்று
திரும்பிவிட்டேன்.
செத்தவர் இருமி முடித்து
இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை.

மேடம் பாரத்தை நீட்டினார். இரண்டு பக்கம்.
பாசார் மாலாமில் பார்த்திருக்கிறேன்,
கிளி வெளியே வரும்
என் சீட்டைக் கொத்தி எடுக்கும்
ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு
தானே உள்ளே போகும்.
இன்று சீட்டு என் கையில்.
அது கம்பிக்குப் பின்னால்
காத்திருக்கிறது.

பெயர்: தவமணி த/பெ சின்னராசு.
வேலை: கையுறை பேக்டரி, பேக்கிங்.
புகைப்பவர் உண்டா: இல்லை.
(அதில் அதற்கு வருத்தம் இருக்கலாம்.)
ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக விடப்படும்?
பன்னிரண்டு என்று எழுதி அடித்தேன்.
பத்து. அதையும் அடித்தேன்.
ஓவர்டைம் இல்லாத நாளை நினைத்து
எட்டு.

ஒன்பதாவது:
இப்பறவை அறுபது வயதுவரை வாழக்கூடும்.
உங்களுக்குப் பிறகு யார்?

அதற்குப் பதினொன்று. எனக்கு நாற்பத்தெட்டு.
தினம் ஆயிரம் பெட்டி எண்ணுகிறவள்,
இந்தக் கழித்தல் வராதா?
சேமநிதி பாரத்தில் இதே கட்டத்தில்
தம்பி பெயரைப் போட்டேன்.
தம்பிக்குக் காசு பிடிக்கும்.

கூட வந்த தம்பி மகளைக் கேட்டேன்.
"யுகேஷினி, நீ பாத்துக்குவியாடி?"
"கடிக்குமா அத்தை?"
"கடிக்கும்."
"அப்ப வேணாம்."

மேடம் லாய் பாரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.
"இன்னைக்கு நீ கேட்டாலும் குடுக்கமாட்டேன்.
மூணு ஞாயித்துக்கெழம வா. சும்மா உட்காரு."

சும்மா உட்கார்ந்தேன்.
முதல் ஞாயிறு முழுக்க முதுகைக் காட்டியது.
அடுத்த வாரம் கச்சான் வாங்கி
ஒவ்வொன்றாகக் கீழே போட்டது,
நான் பார்க்கிறேனா என்று பார்த்துப் பார்த்து.
மூன்றாவது ஞாயிறு மழை. தகரக் கூரை.
ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது,
இருவருமே பேசவில்லை.
என் பக்கத்துக் கம்பியோரம்
ஒற்றைக்காலில் தூங்கியது.

என் பழைய கஞ்சிலுக்கு ஒரு வியாதி.
கிளப்பும்போது
இரண்டு தடவை இழுத்துப் பார்த்து
மூன்றாவதில்தான் பிடிக்கும்.

நாலாவது ஞாயிறு
காடியைப் பனையடியில் நிறுத்திவிட்டு
நடந்துதான் வந்தேன்.
பையில் பாரம், ஒன்பதாவது கட்டம் வெள்ளையாக.
வாசலில் என்னைக் கண்டதும்
அது இருமவில்லை.
க்ர்ர்ர் என்றது. நிறுத்தியது.
மறுபடி, க்ர்ர்ர்.

அதற்குத் தெரிந்தது
நான் போகும் சத்தம்.

மூன்றாவதற்காக நின்றேன்.
தலையைச் சாய்த்து
அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.