வெயில் படாத ஒன்றரை முழம்

லயத்துப் பின்சுவர். அதுக்குப் பின்னால் கான்.
கானுக்கு அப்பால் மண்மேடு.
அந்த இடுக்கில் லீக்ஸ் வராது,
போஞ்சிக் கொடி ஏறாது,
ஊன்றிய உருளைக்கிழங்கு அழுகி நாறியது.
பாசி மட்டும் குடியிருந்தது.

அக்கரப்பத்தனைப் பாதையை அகலிக்க
பெக்கோ காட்டோரத்தைக் கீறிய அன்று
சரிந்த மண்ணில் ஒரு கிழங்கு,
குழந்தையின் முட்டியளவு, வேர் அறுந்து.
முதுகில் மருந்து டாங்கியோடு
அதை மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.
பகலெல்லாம் புல்லைக் கொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

சவுக்கிலை மக்கிய மண்ணில் புதைத்தேன்.
பெயர் தெரியாது.

முதல் வருஷம் ஒரே ஒரு இலை,
குடைபோல விரிந்து
தைப் பனியில் படுத்து
இருந்த தடமில்லாமல் போனது.
ரஞ்சிதம் அங்கே அடுப்புச் சாம்பல் கொட்டினாள்.
செத்ததுக்கு மேலே கொட்டினால் என்ன என்றாள்.
எனக்கும் பதிலில்லை.

வைகாசி மழை பீலியைப் பிடுங்கிப்போன வாரம்
புள்ளி புள்ளியாய் ஒரு தண்டு நிமிர்ந்தது.
அடுத்த காம்பரா நிரோஜன்
தடியோடு ஓடிவந்து ஓங்கிவிட்டான்.
பாம்பில்லடா, பூ.
எங்கே பூ என்று நின்றான்.
நியாயம்தான்:
பச்சையில் வெள்ளை வரி ஓடிய ஒரு படம்,
உள்ளே இருட்டு,
இருட்டில் ஏதோ பொடிக்கொசு.

பேராதனையிலிருந்து செடி கணக்கெடுக்க வந்த பிள்ளை
கானுக்குள் முழங்காலிட்டு
பென்சில் நுனியால் படத்தை விலக்கினாள்.
மெலிந்திருக்கும்வரை இது ஆண்,
கிழங்கு பருத்தால் பெண்.
ஆண் பூவின் அடியில் ஓட்டை உண்டு, கொசு தப்பிவிடும்.
பெண் பூவில் இல்லை.
பாதி சிங்களத்தில், பாதி தமிழில் சொன்னாள்.
ரஞ்சிதம் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாம் வருஷம் காய்த்தது.
சோளக்கதிர்தான், செந்தூரம் அப்பினமாதிரி,
பாரம் தாங்காமல் கானுக்குள் சாய்ந்து.
விறகுக் குச்சியால் முட்டுக்கொடுத்தேன்.

அடுத்த வருஷம் தண்டு சுண்டுவிரல் தடிமன்.
திரும்பவும் ஆண்.
காய்த்த களைப்பு,
ஒன்றிரண்டு வருஷம் ஆணாயிருந்து ஆறிக்கொள்ளும் என்றேன்,
எல்லாம் தெரிந்தவன்போல.

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டே
ரஞ்சிதம் சிரித்தாள்.
"அதுக்கு அந்த வசதி இருக்கு."

பெரட்டுக் களத்துக்கு இறங்கிப் போய்விட்டாள்.
கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில்.
எனக்கு அன்று மருந்தடிப்பு இல்லை, மழை.
அடுப்பில் நேற்றைய சாம்பல் அள்ளாமல் கிடந்தது.
அள்ளினேன்.
எங்கே கொட்டுவது என்றுதான்
வாளியோடு கொஞ்ச நேரம் நின்றேன்.