மட்டையைப் போட்டுவிட்டு

பெயர்தான் சொஃப்ட்போல்.
முதல் பந்தைப் பிடித்த பிறகு
என் பெருவிரலைக் கேட்டுப்பாருங்கள்.

பம்பலப்பிட்டியில், ரயில் பாதைக்கு இந்தப்புறம்,
சனிக்கிழமை காலை ஆறரைக்கு
ஒரு பள்ளிக்கூட மைதானம்.
காப்புறுதிக் கம்பனிப் பெண்கள் பதினொரு பேர்.
பேஸ் என்று மணல் நிரப்பிய அரிசிச் சாக்குகள் மூன்று;
நாலாவது, ஹோம்,
யாரோ வீட்டில் வெட்டிக்கொண்டு வந்த லினோலியத் துண்டு,
ரோசாப்பூப் போட்டது.

சொல்லித் தருபவள் நதீஷா.
கணக்குப் பிரிவு, வயது இருபத்துமூன்று.
ஒஃபிஸில் என்னை மிஸ் என்பாள்.
இங்கே, "சுகிர்தா, முழங்காலை மடி!"

கிளவ் இடக்கைக்கு.
எனக்குக் கிடைத்தது ருஸைனாவின் தங்கச்சியுடையது;
அவள் கட்டாருக்குப் போய் இரண்டு வருசம்.
விரல் நுழையும் இடங்களில்
அவளுடைய விரல்களின் பள்ளம் அப்படியே இருக்கிறது.
என் கை அவள் கையாக மடங்கினால்தான் பந்து தங்கும்.
உள்ளே வந்ததும் மற்றக் கையை மேலே வை,
பாற்சட்டிக்கு மூடி போடுவதுபோல.
(அவள் சொன்னது பாதி சிங்களம், பாதி இங்கிலீஷ்.
பாற்சட்டி என்னுடையது.)

எறிவது கீழிருந்து.
கை ஒரு முழு வட்டம் போய்
இடுப்பை உரசும் இடத்தில் விடவேண்டும்.
முந்தினால் நிலத்தில் உருளும்,
பிந்தினால் வானம்.
என்னுடையது ஒருமுறை மதில் தாண்டித்
தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தது.
மருதானை ரயில் போய்முடியும்வரை
எல்லோரும் இடுப்பில் கைவைத்து நின்றோம்.

மூன்றைத் தவறவிட்டால் அவுட்.
அது விளங்கியது.
விளங்காதது மற்றது:
நாலு பந்து கோணலாய் வந்து
நீ ஒன்றுக்கும் வீசாமல் நின்றால்
முதல் பேஸ் உனக்கு. நடந்தே போகலாம்.
பதினாறு வருசம் கிளெய்ம் கவுண்டரில்
கோணலாய் வந்ததையெல்லாம்
எட்டி எட்டி அடித்தவள் நான்.
சும்மா நின்றாலும் ஒன்று தருவார்களென்று
ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு, பட்டது.
டொக். உள்ளங்கை முழுக்க எறும்பு.
ஓடினேன், மட்டையோடு.
தம்பிமாரோடு ஒழுங்கையில் கிரிக்கெட் ஆடிய உடம்பு,
மட்டையை விடாது.
போடு, போடு என்று மூன்று பாஷையில் கத்தினார்கள்.
சாக்கைத் தொட்டேன்,
தொட்ட கையோடு திரும்பி
புறப்பட்ட இடத்துக்கே ஓடிவந்தேன்.
ருஸைனா புல்லில் விழுந்து சிரித்தாள்.
இதில் திரும்பி வருவது கிடையாது, என்றாள் நதீஷா,
சுற்றித்தான் வரவேண்டும்.

அடுத்த முறை விட்டேன்.
அது விழுந்த சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது.
பாரமில்லாத இரண்டு கைகள்;
என்ன செய்வதென்று தெரியாமல்
அவற்றையும் கூட்டிக்கொண்டு ஓடினேன்.
ஷெரோமியின் அடியில் இரண்டாவது சாக்கு,
யாரோ கோட்டைவிட்டதில் மூன்றாவது.

அங்கே நின்றால் மதிலுக்கு மேலால் கடல் தெரிகிறது.
எறிபவளின் கையைப் பந்து விடும்வரை
கால் சாக்கை விடக்கூடாது.
குனிந்து நின்றேன், குதிகால் மணலில் அழுந்த.
எதிரே ரோசாப்பூ, அறுபது அடி.
நிலுக்ஷி மூன்றாவது தடவையும் காற்றை அடித்தாள்.

முடிந்தது.
சும்மாவாவது போய் மிதித்துவிட்டு வருவோமென்றால்
அதற்குள் அதைச் சுருட்டிவிட்டார்கள்.

பாணந்துறை பஸ்ஸில் மிதிபலகைதான் கிடைத்தது.
வீட்டிலிருந்து நாலு மிஸ்ட் கோல்.
விரல் தக்காளியாய்ப் பழுத்திருந்தது.
தெஹிவளையில் பஸ் நிற்பதில்லை,
நிற்கப் பார்க்கும்.
முழங்காலை மடித்தேன்.
பஹின்ன, பஹின்ன என்றபடி
கொண்டக்டரின் கை கம்பியை விட்டது.
என் கால் பலகையை விட்டது.