ஒன்பதாம் நாள்

செக்காலை ரோடு, மாடியில் ஸ்கேன் சென்டர்.
இங்கே யாரும் கிழமை கேட்பதில்லை.
"இன்னைக்கு எத்தனாவது நாள்?"
வரவேற்பில் இருக்கிற பெண் கேட்கிறாள்,
காரைக்குடி முழுக்கக் கேட்கும்படி.
ஒன்பது, என்றேன்.

போன மாதம் வேறு பரிசோதனை.
ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து படுத்தேன்.
பன்னிரண்டு மில்லிமீட்டர். பதினைந்து. பத்தொன்பது.
திரையில் ஒரு கறுப்புப் புள்ளி பெரிதாவதைக்
கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு வெள்ளிக்கிழமை அதைக் காணோம்.
"நல்லது, வெடிச்சிருச்சு" என்றார் டாக்டர்.

கோயில் கணக்கில்
நானும் அவரும் சேர்ந்து ஒரு புள்ளி.
கல்யாணத்தோடு ஏறிய பெயர்.
ஆறு வருடமாக வரி கட்டுகிறோம், பாக்கியில்லை.
அந்தப் புள்ளி வளரவும் இல்லை
வெடிக்கவும் இல்லை.

இன்றைக்கு எக்ஸ்ரே.
"இடுப்புல ஊக்கு இருந்தா எடுத்துருங்க ஆச்சி."
எனக்கு முப்பத்தொன்று, அவளுக்கு இருபது இருக்கும்.
மேசை குளிர்ந்தது.
சாயத்தை உள்ளே விடும்போது
அடிவயிற்றை யாரோ ஈரத்துணி பிழிவதுபோல் பிழிந்தார்கள்.
மேலே பதினாறு சதுரங்கள், ஒன்றில் தண்ணீர்க் கறை.
மறுபடி எண்ணினேன். பதினாறுதான்.

அப்புறம் திரையில்
தலைகீழாய் ஒரு முக்கோணம், சின்ன சமோசா அளவு.
இரண்டு மூலையிலிருந்தும் வெள்ளை நூல்
நெளிந்து நெளிந்து போய்
நுனியில் சிந்தியது.
பால் பொங்கினாற்போல என்று
நினைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

"ரெண்டு பக்கமும் வழி இருக்கு" என்றார் டாக்டர்.

சாத்தப்பன் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் நின்று
வட்டிக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்.
அவருக்கு எழுதிய சீட்டு
மார்ச் மாதத்திலிருந்து அவர் பர்ஸில் இருக்கிறது,
நாலாய் மடித்து, மடிப்பில் கிழிந்து.
ஒரு டப்பா. ஒரு அறை. தாழ்ப்பாள் உண்டு.
ஊசி கிடையாது.

"என்னவாம்?"
"வழி இருக்காம்."
"அப்புறம் என்னதான் குறையாம்?"

பள்ளத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்குக் கொடுத்தேன்.
வலி இன்னும் விடவில்லை,
கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சொன்னேன்:
உங்களுக்கு நாள் பார்க்க வேண்டாம்.
ஒன்பதாம் நாள், பதினோராம் நாள் எதுவும் கிடையாது.
ஏழு மணிக்கே திறக்கிறார்கள்.

பதில் இல்லை. கண்டக்டர் வந்தார், போனார்.
கொஞ்ச நேரம் கழித்து உறையைப் பிரித்து
படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.
தலைகீழாய்ப் பிடித்திருந்தார். நான் சொல்லவில்லை.
என் முக்கோணத்துக்குள்ளே
கோட்டையூர்க் கண்மாயும் கரையும்
நாலைந்து ஆடுகளும்
போய்க்கொண்டிருந்தன.