பதினோரு அடி

ஆய்வாளர் டேப்பின் ஒரு முனையை
என் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்.
மோட்டார் கொட்டகை நிலைப்படியிலிருந்து
மல்லாட்டைக் கொடியில் ரத்தம் காய்ந்த இடம்வரை
பதினோரு அடி.
ஏட்டு எழுதிக்கொண்டார்.
என் எண்பது சென்ட் நிலத்தை
இத்தனை கவனமாக யாரும் அளந்ததில்லை.

மும்முனைக் கரண்ட் எங்களுக்கு
நள்ளிரவுக்கு மேல்தான்.
அதனால் கொட்டகையிலேயே கயிற்றுக் கட்டில்,
கட்டிலுக்கடியில் டார்ச், தண்ணீர்ச் செம்பு,
அவர் செத்தபின் என் பேருக்கு மாறிய
ஒற்றைக்குழல் துப்பாக்கி.
உரிமத்தில் காரணம் பயிர்ப் பாதுகாப்பு.
மோர்தானாக் காட்டிலிருந்து இறங்கும் யானைக்கு
வானத்தைப் பார்த்துச் சுட்டால் போதும்.
தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு
ரசீதை அரிசிப் பானைக்குள் வைப்பேன்.
துப்பாக்கி திரும்பி வந்த நாலாம் ராத்திரி அது.
கரண்ட் வரவில்லை. அசந்து தூங்கிவிட்டேன்.

வக்கீல் முனவ்வர் பாஷாவுக்குக் குடியாத்தத்தில் மாடி அறை.
கீழே பீடிக் கம்பெனி.
"நல்லதை முதலில் சொல்றேன் கேளும்மா.
பொழுது சாய்ந்து விடியறதுக்குள்ள
கொக்கியை நெம்பி ஒருத்தன் உள்ளே வந்தால்
அவன் உயிர் போகிற அளவுக்குக்கூடத் தடுக்கலாம்,
வேறு வழியில்லை என்றால்.
சட்டம் உன் பக்கம்.
அவன் உள்ளே இருக்கிற வரைக்கும்."
கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.
"வெளியே கால் வைத்துவிட்டால்
அவன் வெறும் திருடன்.
டாக்டர் எழுதியிருக்கிறார்,
ரவை எட்டும் பின்னங்காலில்."

அறுத்த கேபிளைத் தோளில் மாலைபோலச் சுற்றியிருந்தான்.
டார்ச் உருண்ட சத்தத்தில்தான் நான் விழித்தது.
மீசை அரும்பாத முகம்.
கையில் இருந்தது அரிவாளா, கம்பி வெட்டும் கத்தரியா?
ஒவ்வொரு தடவை கேட்கும்போதும்
எனக்கு ஒவ்வொன்று தெரிகிறது.

"அப்புறம் இன்னொன்று," என்றார் பாஷா.
"வத்து, வத்து என்று கத்தினானாம்.
அதைக் கேட்டும் ஏன் சுட்டாய் என்பார்கள்.
உனக்குத் தெலுங்கு தெரியாது.
இருட்டில் ஏதோ சத்தம். பயந்துவிட்டாய்.
பயம் குற்றமில்லை."
இதற்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை அவர்.

நான் பிறந்தது பலமநேரில்.
காய்ச்சலில் கஞ்சியைத் தள்ளிவிட்டு
அம்மாவிடம் சொன்னது வத்து.
பதினேழு வயதில்
பேர்ணாம்பட்டு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தபோது
அடுக்களையில் நின்று சொன்னதும் அதேதான்.
இரண்டு தரம் சொன்னேன்.
முகூர்த்தம் நிற்கவில்லை.

முதல் வத்து நிலைப்படிக்கு உள்ளே.
இரண்டாவது வெளியே.
நடுவில் என் விரல்.
கேபிளுக்குப் பதினோராயிரம் ஆகும் என்று
அந்த நேரத்தில் கணக்குப் போட்டேனா,
உயிருக்குப் பயந்தேனா,
தனியாகப் படுத்திருக்கும் பொம்பளை என்று
இத்தனை வருஷம் இந்தப் பக்கம் வந்துபோன
எல்லோருக்கும் சேர்த்துச் சுட்டேனா?
அதை எந்தப் பிரிவில் எழுதுவார்கள், தெரியவில்லை.

விசாரணை நாளில் ரெட்டெப்பா
கூண்டுப் படியில் நொண்டி ஏறினான்.
யாரோ கொடுத்த சட்டை, தோளில் தொங்கியது.
பதில் எல்லாம் தெலுங்கில்.
குமாஸ்தா ஒவ்வொன்றையும் தமிழாக்கிச் சொல்ல,
டைப் அடிக்கும் பெண் நிறுத்தி நிறுத்தி அடித்தாள்.
நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
பாஷா சொல்லிக்கொடுத்தபடி,
புரியாதவள் பார்ப்பதுபோல்.

அப்போது அவன் ஏதோ சொன்னான்,
நீதிபதியிடம் இல்லை.
"அந்த அம்மா கால்ல துண்டைக் கட்டி
தண்ணி குடுத்தாங்க.
ஏடவத்து நாயனா என்றாங்க."
அழாதே என்று நான் சொன்னதுதான்,
அவன் பாஷையில், அவன் தலையை மடியில் வைத்து.

குமாஸ்தா தொண்டையைச் செருமி
வாய் திறக்குமுன்
என் தலை நிமிர்ந்துவிட்டது.
நீதிபதி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
பேனா மூடியைக் கழற்றினார்.