ஆறு கிலோ

சாவிக்கொத்தைத் தந்தாள் ராக்னில்.
பெல்ட், கைக்கடிகாரம், ஒற்றைக் காது வளையம்.
தபால் துறை அட்டையைத் தர மட்டும்
கொஞ்சம் தயங்கினாள்.
"அதிலும் காந்தப் பட்டை இருக்கிறது" என்றேன்.
வெளியே பெர்கனில் வழக்கமான மழை.

இருபத்தாறு வருடம் படிக்கட்டுத் தெருக்கள்.
பனி இறுகிய ஒரு பிப்ரவரியில்
மின்கட்டண ரசீது ஒன்றைப் போடப் போய்
வலது கணுக்கால் முறிந்தது.
எலும்பு கூடிவிட்டது; எக்ஸ்ரே சாட்சி.
எக்ஸ்ரேக்கு எலும்பைத் தெரியும்,
எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே
கறுப்பாய் ஓர் இடம் இருப்பதும் தெரியும்.
அங்கே குடியிருப்பது யாரென்று தெரியாது.

குருத்தெலும்புக்கு நரம்பு இல்லை.
ரத்தக் குழாயும் இல்லை.
தேயும்போது ஒரு வார்த்தை சொல்லாது.
வலி என்பது
அக்கம்பக்கத்தார் கொடுக்கும் புகார்.

கணுக்காலில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்,
சற்றே கூடலாம்.
மேலே ஒன்று கீழே ஒன்றாய்
மழையில் நனைந்த உறைகள்போல் ஒட்டிக் கிடக்கும்,
எது எதன் விளிம்பு என்று பிரியாது.
அதனால் பாதத்தில் வார் கட்டி
பிளாஸ்டிக் கப்பியில் கயிறு ஓட்டி
தண்ணீர்ப் பை தொங்கவிட்டேன்.
இரும்புக்கு இந்த அறையில் அனுமதி இல்லை.

"எத்தனை கிலோ?"
"ஆறு."
"என் பையில் பாதி" என்று சிரித்தாள்.
"ஆனால் இது என்னைக் கீழே அழுத்தவில்லையே."

நாற்பது நிமிடம்
ஆளில்லாத வீட்டுக் கதவை
விடாமல் தட்டியது இயந்திரம்.

திரையில் மெல்ல ஒரு வெள்ளைக் கோடு.
மூட்டு நீர் இடையில் நுழைந்திருந்தது.
மேலுறை வேறு, கீழுறை வேறு.
வண்ணம் ஏற்றினேன்:
நீரைக் கட்டி வைத்திருக்கும் இடம் நீலம்,
கட்டு தளர்ந்து நீர் அலையும் இடம் சிவப்பு.
தாலஸ் எலும்பின் உட்புறத் தோளில்
தபால்தலை அளவுகூட இல்லை,
தபால்தலை விளிம்பில் நாலைந்து பற்கள் அளவு
ஒரு சிவப்பு.
மற்றதெல்லாம்
நான் நினைத்ததைவிட நீலம்.

"இன்னும் எத்தனை வருடம் ஏறலாம்?"
படம் எடுக்கிறவர் பலன் சொல்லக் கூடாது.
வியாழக்கிழமை மருத்துவர் அழைப்பார் என்றேன்.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்,
மூடிய உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல்.
பிறகு, அப்படிப் பார்ப்பது குற்றம் என்று நினைவு வந்தவளாய்,
பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

வாரை அவிழ்த்தேன்.
அந்த வெள்ளைக் கோடு இப்போது மறைந்திருக்கும்;
அதற்குப் படம் இல்லை.
வலது காலை ஊன்றி, ஒரு நொடி நின்று,
தரையில் கிடந்த தண்ணீர்ப் பையை
அவளே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு
"எங்கே வைக்க?" என்றாள்.