கடைவாய்ப் பல்

இரண்டு வருடமாய் வலித்த பல்லை
இன்று பிடுங்கிக்கொள்ளப் போகிறேன்.
மூன்று முறை நாள் குறித்தேன்,
மூன்று முறையும் பள்ளியிலிருந்து போன்.
ஒருமுறை விங்கோ கூரைமேல்.
ஒருமுறை விங்கோ அலமாரிக்குள்.
மூன்றாம் முறை அவன் எங்கே என்பதுதான் கேள்வியே.

புந்தா அரேனாஸில் காற்று வெறிக்கும் மாதங்களில்
தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள்.
கைப்பையும் தொப்பியுமாய் ஜனங்கள்
அதைப் பிடித்துக்கொண்டு சதுக்கத்தைக் கடப்பார்கள்.
யாருக்கும் வெட்கமில்லை.
காற்று அப்படி என்பார்கள், அவ்வளவுதான்.
என் வீட்டுக்குள் அடிக்கிற காற்றுக்கு மட்டும்
வளர்த்த லட்சணம் என்று பெயர்.

மருத்துவர் எழுதியதோ ஏ.டி.எச்.டி.
அதற்கான படிவத்தை நிரப்பும்போது
பாதிக் கேள்விகளுக்கு என்னைத்தான் குறித்திருந்தேன்.
அழித்துவிட்டு
அவனை எழுதினேன்.

ஆறரைக்கு இடது ஷூ.
ஆறே முக்காலுக்கும் இடது ஷூ.
ஏழுக்கு ஷூ கிடைத்துவிடும், கால் காணாமல் போயிருக்கும்.
கத்தமாட்டேன் என்று ராத்திரி சத்தியம் செய்த வாய்
ஏழு பத்துக்குக் கத்தியது.
பஸ் நிறுத்தத்தில் என் கையுறைக்குள்
தன் கையையும் திணித்துக்கொண்டு
திமிங்கிலத்துக்குக் காது எங்கேம்மா என்றான்.
கோபம் என்னிடம் மட்டும்தான் மிச்சமிருந்தது.

மேல்மாடி நெவென்காவின் மகளுக்கும் இதே.
புதன்கிழமை இரண்டையும் அவள் பார்ப்பாள், வெள்ளி நான்.
இரண்டு புயலை ஒரே வீட்டில் விட்டால்
ஒன்றையொன்று களைப்பாக்கும் என்பது அவள் கணக்கு.
தப்புக் கணக்கு.
ஆனாலும் புதன் புதன்தான்.

நாற்காலி சாய்ந்தது.
போனை வாங்கி டிராயரில் போட்டாள் உதவியாளர்.
ஊசி. ஈறு மரத்தது, உதடு, பிறகு பாதிக் கன்னம்.
நன்றாக மரக்கட்டும், பத்து நிமிடம், என்று
விளக்கை அணைத்துவிட்டுப் போனார் டாக்டர் பார்ரியா.

அம்மா என்று யாரும் கூப்பிடாத
பத்து நிமிடம்.

வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டேன்.

விழித்தபோது நாற்பது நிமிடம் போயிருந்தது.
எனக்கடுத்தவர் காப்பி குடிக்கப் போயிருந்தார்.
எழுப்ப மனசு வரவில்லை, என்றார் டாக்டர்,
மரப்பு இறங்கிவிட்டது, இன்னொரு ஊசி போட வேண்டும்.
போடுங்கள் என்றேன்.
போடுங்கள், போடுங்கள்.

குளிர்ச்சியாக ஏதாவது சாப்பிடச் சொன்னார்.
இந்த ஊரில் அதற்கு வாயைத் திறந்தாலே போதும்.
இருந்தாலும் ஒரு ஐஸ்கிரீம் வாங்கி
கயிற்றை ஒரு கையால் பிடித்தபடி
பங்கு கேட்க ஆளில்லாமல்
முழுதாகத் தின்றேன். பாதி தாடையில் வழிந்தது,
எனக்குத் தெரியவில்லை.

நெவென்கா வீட்டில் சோபா மெத்தை கிழிந்திருந்தது.
விங்கோ என் வாய்க்குள் எட்டிப் பார்த்தான்,
பல் இருந்த இடத்தை.
ராத்திரிக்குள் அங்கே என்ன முளைக்கும் என்றான்.

வெள்ளிக்கிழமை நெவென்கா போக வேண்டும்.
வலிக்கிற பல் எதுவும் இல்லையாம் அவளுக்கு.
ஏதாவது ஒன்றைக் கண்டுபிடி
என்று சொல்லியிருக்கிறேன்.