கேள்விக்குறியின் விசை

நூற்று நாற்பத்து மூன்று.
எண்ணிவிட்டு மறுபடி எண்ணினேன்.
ஒலி வெட்டும் எங்கள் மென்பொருளில்
இத்தனை குறுக்குவிசைகள் குடியிருப்பது
நிரல் எழுதிய ஒஜ்பேய்க்கே தெரியாது.

எல்லாவற்றையும் காட்ட ஓர் உதவிச் சாளரம் வேண்டுமாம்.
அகர வரிசையில் அடுக்கினேன்:
'அழி'க்கும் 'அனுப்பு'க்கும் நடுவே
ஒரு சுவர்கூட இல்லாமல் போயிற்று.
மெனு வரிசையில் அடுக்கினேன்:
மெனுவில் இருப்பதைப் பார்க்க
இன்னொரு சாளரம் எதற்கு என்றான் ஒஜ்பேய்,
ரொட்டியை மென்றபடி.
நியாயம்தான்.

மாரிபோரில் நவம்பர்.
திராவா ஆற்றுப் பனி மூன்றாம் மாடி வரை ஏறி
ஜன்னலில் முட்டிக்கொண்டு நின்ற காலையில்
வானொலிக் காப்பகத்துக்குப் போனேன்.
அங்கே இஸ்தோக்.
பதினோரு வருடமாய் எங்கள் மென்பொருளில்
பழைய நேர்காணல்களைத் தூசி தட்டுகிறவர்.

திரையின் விளிம்பெங்கும் மஞ்சள் சீட்டுகள்.
'இருமலை எடுக்க': ஷிஃப்ட்டும் டெலீட்டும்.
'மூச்சை விட்டுவைக்க': கன்ட்ரோலும் எம்மும்.
'கதவுச் சத்தம்.'
'பொறு, அழுகிறார்': ஸ்பேஸ் பார்.

முதலாவதற்கு நாங்கள் வைத்த பெயர்
'தேர்ந்த பகுதியை இடைவெளியின்றி நீக்கு'.
இருமல் என்ற சொல்
எங்கள் நிரலில் ஓரிடத்திலும் இல்லை.

ஒரு சீட்டு மட்டும் வெறும் மஞ்சள்.
"செய்ததைத் திரும்பப் பெறுவது. அது கைக்கே தெரியும்" என்றார்.
எங்கள் ஊர் விசைப்பலகையில்
இசட்டும் ஒய்யும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.
அலுவலகம் அமெரிக்கப் பலகை வாங்கித் தந்த வாரம்,
பழக்கத்தில் நாலு முறை அழுத்தியும்
வெட்டுப்பட்ட வாக்கியம் வரவில்லையாம்.
வேர்த்துவிட்டது என்றார். இப்போது சிரித்தார்.

அன்றிரவு தலைப்புகளை அழித்துவிட்டு எழுதினேன்:
கேட்க. வெட்ட. பொறுக்க. பின்வாங்க.
பத்தொன்பது விசைகள் முன்னால் நின்றன.
மீதி நூற்று இருபத்து நான்கும்
'மற்றவை' என்ற இழுப்பறைக்குள்,
முணுமுணுத்துக்கொண்டு.

ஒஜ்பேய் மறுக்கவில்லை.
ஒன்றுதான் கேட்டான்:
இந்தச் சாளரத்தைத் திறக்கும் விசையை
எந்தத் தலைப்பின் கீழ் வைப்பாய்?

கன்ட்ரோலோடு கேள்விக்குறி.
எங்கள் பலகையில் கேள்விக்குறிக்கே ஷிஃப்ட் வேண்டும்;
உதவி கேட்க மூன்று விரல்.
திறந்தவருக்கு அது தேவையில்லை.
தேவைப்படுகிறவர் திறந்திருக்க மாட்டார்.

பதில் சொல்லாமல் வெளியே போய்
மஞ்சள் சீட்டுக்கட்டு ஒன்று வாங்கினேன்.
முதல் சீட்டில் அந்த மூன்று விசைகளையும் எழுதி
உறையில் இஸ்தோக்கின் முகவரி.
மூடுமுன்
பசை ஒட்டுகிறதா என்று
விரலில் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.